சல்லியில் காலைக் காட்சி

நாற்பத்தெட்டு நிமிடப் படம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து நாள் திரிந்த கதை இது. "கையில் காசில்லாமல் படம் எடுத்துவிட்டோம், இனி எங்கே காட்டுவது" என்று கேட்டு எழுதுகிறவர்களுக்காக எழுதுகிறேன். "படத்தின் இணைப்பை அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் பதில் இருக்கிறது, ஆனால் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

போனது பங்குனிக் கடைசியில். மழைக்காலம் போய்க் கடல் படுத்துவிட்ட நேரம், கிழக்குக் கரையில் எல்லாப் படகுகளும் தொழிலுக்குப் போகத் தொடங்கியிருக்கும். எனக்குக் கொழும்பில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. பல் பிடுங்கப் பயந்து வருகிறவர்களைச் சமாதானம் சொல்லிக் கதிரையில் இருத்துவது என் தொழில். நடிக்கப் பயந்தவர்களை இருத்துவதற்கும் அந்தப் பழக்கம் உதவியது. நாலு நாள் லீவு எடுத்தேன், ஐந்தாவது நாளுக்குப் பொய் சொன்னேன்.

படத்தின் பெயர் 'விசாலாட்சியின் வலை'. என் அம்மாவின் கதை. எனக்கு ஏழு வயதும் தங்கச்சிக்கு நாலு வயதுமாக இருந்தபோது அப்பா போன படகு திரும்பி வரவில்லை. அம்மா ஐந்து நாள் கரையில் நின்று பார்த்தார். ஆறாம் நாள், ஊர்ப் பெண்கள் வந்து செய்வதற்கு முன்னமே, கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் பொட்டைத் தானே அழித்தார். பிறகு அப்பாவின் வலைகளை விற்று எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அம்மா இருக்கும்வரை இதைப் பற்றி அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் போன பிறகுதான் படமாக எடுக்கத் துணிவு வந்தது.

கிண்ணியாவில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ரிஸ்வான்தான் கமெரா, ஒலி, எடிட்டிங், சாப்பாட்டுப் பொறுப்பு எல்லாம். கமெரா என்றால் அவர் கடைக்கு வந்து, சொந்தக்காரர் திரும்ப வராத ஒரு நல்ல போன். அம்மாவாக நடித்தவர் சல்லியில் கருவாடு காயப்போடும் மலர் அக்கா. முன்பின் நடித்ததில்லை. "கமெராவைப் பாக்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டவர். அவருடைய கணவர் யோகன் அண்ணை இன்னொருவரின் படகில் தொழிலுக்குப் போகிறவர். பின்னேரம் நாலரைக்குப் போனால் அடுத்த நாள் காலை எட்டு மணிக்குத்தான் கரை.

எல்லாக் காட்சியையும் சிரித்துக்கொண்டே நடித்துத் தந்த மலர் அக்கா, பொட்டு அழிக்கும் காட்சி வந்ததும் நின்றுவிட்டார். கடலுக்குப் போகிறவனின் மனைவி விளையாட்டுக்கும் பொட்டை அழிக்கமாட்டாள். முகம் கழுவினால் துடைப்பதற்கு முன்னமே கை குங்குமத்தைத் தேடும். இப்படியான ஒரு வீட்டில் பிறந்த நானே போய் அதைக் கேட்டிருக்கிறேன். கேட்ட பிறகுதான் உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அவரே வந்தார்.

"செய்யிறன். ஆனா அவர் கரையில நிக்கிற நாளில எடுங்கோ. என்ர கண்ணுக்குத் தெரியிற இடத்தில நிக்கோணும். தாலியில கை வைக்க மாட்டன்."

அப்படியே எடுத்தோம். யோகன் அண்ணை கமெராவுக்குப் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர் போல வெட்கப்பட்டு நின்றார். மலர் அக்கா கண்ணாடியைப் பார்த்து, புறங்கையால் ஒரே இழுப்பில் பொட்டை அழித்தார். நான் 'கட்' சொல்ல மறந்துபோனேன். யோகன் அண்ணை காத்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தாளில் மடித்த குங்குமச் சரையை எடுத்துக்கொண்டு நேரே காட்சிக்குள் நடந்து போய், மலர் அக்காவின் நெற்றியில் வைத்துவிட்டார்.

எடிட்டிங் முடிந்து அந்தத் துண்டைப் போனில் காட்டப் போனபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. படம் ஓடத் தொடங்கியதும் மலர் அக்கா திரையைக் கையால் பொத்தினார். யோகன் அண்ணை அப்போது கடலில்.

"இதைக் காட்டுற நேரமெல்லாம் அவர் கரையில நிக்கோணும் தங்கச்சி. இல்லாட்டி எனக்கு நித்திரை வராது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் நித்திரை வராத ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு படத்தை வெளியிடுவதற்கு இப்படியொரு நிபந்தனை உலகத்தில் வேறு யாருக்கும் இருந்திராது. கனடாவில் இருக்கும் என் தங்கச்சி "யூடியூப்பில போடு, நானும் பாக்கோணும்" என்று கிழமைக்கு ஒருமுறை அரிக்கத் தொடங்கினாள்.

இனிப் பயணம். கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய இருநூற்று அறுபத்தைந்து கிலோமீற்றர். சாதாரண பஸ்ஸில் ஆயிரத்துச் சொச்சம், ஏழு மணித்தியாலம். வியாழன் காலை ஏறிப் பின்னேரம் இறங்கினேன். பையில் ரிஸ்வானின் சிறிய புரொஜெக்டர், இரண்டு வெள்ளைப் படுக்கைவிரிப்பைச் சேர்த்துத் தைத்த திரை, ஒரு ஸ்பீக்கர். மலர் அக்காவோடு கதைத்து நாலு இடம், நாலு பின்னேரம் என்று முடிவு செய்திருந்தோம். அந்த நாலு நாளும் யோகன் அண்ணை தொழிலுக்குப் போகமாட்டார்.

வெள்ளிக்கிழமை குச்சவெளி. நகர பஸ் நிலையத்திலிருந்து வடக்கே கடற்கரை வீதியால் முப்பத்துநாலு கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். இடப்பக்கம் இருந்தால் வெயில் அடிக்கும், வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள், கடலும் தெரியும். ஒரு ரியூசன் கொட்டகையின் முற்றத்தில் திரையைக் கட்டினோம். களப்புக் காற்று திரைக்குள் புகுந்து, மலர் அக்காவின் முகம் வீங்குவதும் வற்றுவதுமாக இருந்தது. நாலு மூலையிலும் தண்ணீர்ப் போத்தல் கட்டித் தொங்கவிட்ட பிறகு சரிவந்தது.

புரொஜெக்டரைப் போடுவதற்கு முன் மலர் அக்காவுக்குப் போன் எடுத்தேன். "நிக்கிறாரோ?" என்று கேட்டேன். அவர் போனைக் கைமாற்றினார்.

"ஓம் தங்கச்சி, நிக்கிறன். போடுங்கோ," என்றது யோகன் அண்ணையின் குரல்.

சனிக்கிழமை மூதூர். கிண்ணியா வழியாக நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பாலங்கள் வந்த பிறகு பஸ்ஸிலேயே போய்விடலாம். சீனன்குடா தாண்டும்போது இடப்பக்கம் துறைமுகத்தின் உட்தண்ணீர் வரும், கப்பல்கள் வேலையில்லாதவர்கள் போல நிற்கும். ரிஸ்வான் கிண்ணியாவில் மனைவி கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல்களோடு ஏறினார். மூதூரில் இஷாத் தொழுகை முடிந்த பிறகு ஒரு மண்டபத்தில் காட்சி. நான் போனில் கேட்பதைப் பார்த்து முன்வரிசையில் இருந்த ஒரு பெண் என்னவென்று விசாரிக்க, ரிஸ்வான் மைக்கை எடுத்து முழுக்கதையையும் சொல்லிவிட்டார். "இப்ப யோகன் நானா கரையில நிக்கிறார், அதனால படத்தைப் போடுறம்" என்று முடித்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். விசாரித்த பெண் போகும்போது ஒரு சட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து வைத்தார். "அந்தப் புள்ளக்குக் குடுங்க. தைரியமா நடிச்சிருக்கா." மூன்றாம் நாள்வரை அந்தத் தயிர் தாங்காது என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அதை ரிஸ்வானும் நானும் தின்றோம், மலர் அக்காவிடம் செய்தியை மட்டும் கொடுத்தேன்.

ஞாயிறு ஈச்சிலம்பற்று. மூதூரிலிருந்து தெற்கே வெருகல் பக்கம் போகும் பாதை. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பதை நாங்கள் தரிப்பிடத்தில் ஒன்றரை மணித்தியாலம் நின்ற பிறகுதான் அறிந்தோம். கடைசியில் ஓட்டோ பிடித்தோம், மூவாயிரத்து ஐந்நூறு. ஓட்டோக்காரர் பையைப் பார்த்து மருந்து விற்கப் போகிறோமா என்று கேட்டார்.

"படம் காட்டப் போறம் அண்ணை."

"ரிக்கெட் எவ்வளவு?"

"சும்மாதான்."

அவர் முன்கண்ணாடியில் எங்களை இன்னொருமுறை பார்த்தார். "அப்ப உங்களுக்கு என்ன வருத்தம்?" என்றார். ஏதோ நோய் என்று நினைத்து, உண்மையில் அக்கறையோடுதான் கேட்டார்.

ஈச்சிலம்பற்றில் பெரும்பாலும் வயல்காரர்களும் மீன்பிடிக்காரர்களும். முன்பள்ளிக் கட்டடத்துக்கு முன்னால் பாய் விரித்து அறுபது பேர் அளவில் இருந்தார்கள். ஏழு மணிக்குப் போன் எடுத்தேன். மலர் அக்காவின் குரல் சரியில்லை.

"அவர் போயிட்டார் தங்கச்சி. கும்பிளா மீன் நல்லாப் படுதாம். ரெண்டு நாள் நிண்டாச்சு, இண்டைக்கும் வராட்டி வேற ஆளைப் பிடிக்கிறனெண்டு சம்மாட்டி வந்து சொல்லிப்போட்டார். என்னால மறிக்க ஏலாமப் போச்சு."

சம்மாட்டி என்றால் படகின் சொந்தக்காரர். அவரையும் குறை சொல்ல முடியாது, மீன் படுகிற நாளில் படகுக்கு ஆள் வேண்டும். ஆனால் எனக்கு அப்போது யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. ரிஸ்வான்தான் கிடைத்தார். நன்றாகத் திட்டினேன், அவரும் நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, அந்தக் காட்சிய மட்டும் தாண்டி ஓட்டுவோமா?" என்றார் பிறகு.

தாண்டி ஓட்டலாம். தாண்டாமலும் ஓட்டலாம், சல்லியில் யாருக்குத் தெரியப்போகிறது? இதை நான் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. முப்பத்தோராவது நிமிடம்வரை படத்தை விட்டேன். விசாலாட்சி கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். என் விரல் தானாக நிறுத்தியது.

ஆட்களிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரும் சலிக்கவில்லை. மடியில் பிள்ளையை வைத்திருந்த ஒரு பெண், "அப்ப மிச்சத்தை வாயால சொல்லுங்கோவன்" என்றார். எனக்கு மேடையில் பேச வராது. விசாலாட்சி என்று தொடங்கினேன், இரண்டாவது வசனத்திலேயே அது அம்மா என்று மாறிவிட்டது. அம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்றதை நான் கதவு இடுக்கால் பார்த்தேன் என்று சொன்னேன். அழித்த பிறகு புறங்கையில் பட்டிருந்த சிவப்பை அவர் கழுவவில்லை, அன்று எங்களுக்குச் சோறு குழைத்துத் தீத்தும்போதும் அது கையில் இருந்தது என்று சொன்னேன். இதைப் படத்தில் வைக்கவில்லை. தங்கச்சியிடமும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத அறுபது பேருக்குச் சொல்லி அழுதேன். அந்தப் பெண் பிள்ளையைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை மதியம் சல்லிக்கு வந்து சேர்ந்தோம். நகரத்திலிருந்து நிலாவெளி பஸ்ஸில் ஏறிச் சாம்பல்தீவுச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடிப்பது இலகு. அன்று பின்னேரம்தான் அங்கே காட்சி, மலர் அக்கா தன்னைத் திரையில் முதன்முதலாகப் பார்க்கவிருந்த நாள். யோகன் அண்ணை அறைக்குள் நித்திரை. நாலரைக்கு அவர் போயாக வேண்டும், இன்னொரு நாள் நின்றால் படகில் இடம் இல்லை.

"அக்கா, உங்கட ஊருக்கு மட்டும் அந்தக் காட்சியை வெட்டிப்போட்டுக் காட்டுறன்," என்றேன். பெரிய மனது செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

மலர் அக்காவுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "அதைப் பாக்கத்தானே நான் இவ்வளவு நாளும் இருக்கிறன். நடந்தது, கருவாடு பிரட்டினது, இதெல்லாம் என்னைத் திரையில பாத்து என்ன? நான் ஒழுங்காச் செய்தனானோ எண்டு அந்த ஒண்டில பாக்கோணும்."

அவர் குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் கோபம் இறங்கியிருந்தது.

"படமெண்டா இரவிலதான் போடோணுமெண்டு ஆர் சொன்னது?"

ரிஸ்வானும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை. படம் என்றால் இருட்டு, இருட்டு என்றால் இரவு என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்தோம். கடற்கரை ஊர்களில், ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போன நேரத்தைப் பார்த்துப் பார்த்துக் காட்சி வைத்திருக்கிறோம். குச்சவெளியில் ஏன் பெண்களும் பிள்ளைகளுமாக இருந்தார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. மீனவர் வீட்டில் பிறந்த நான் இதைச் செய்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் காட்சி. மீனவர் சங்கக் கட்டடத்தின் யன்னல்களைப் படகு மூடும் படங்குகளால் மறைத்தோம், கூரை ஓட்டைகளுக்குப் பழைய சாக்கு. உள்ளே மீன் வாடை, வியர்வை, வெக்கை. ஆனால் இருட்டு நல்ல இருட்டு. எட்டு மணிக்குக் கரைக்கு வந்த படகுகளின் ஆட்கள் மீனை விற்று, தலையில் உப்பு காயாமல் வந்து இருந்தார்கள். சம்மாட்டியும் வந்து முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அன்று யாருக்கும் போன் எடுக்கத் தேவையிருக்கவில்லை. யோகன் அண்ணை கடைசிச் சுவரோடு வலைக்குவியல் ஒன்றில் சாய்ந்து இருந்தார்.

மலர் அக்கா பெண்கள் பக்கம், முதல் வரிசையில். முப்பத்தோராவது நிமிடம் நெருங்கியதும் எழுந்தார். நான் வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இருட்டில் ஆட்களின் கால்களைத் தாண்டித் தாண்டிப் பின்சுவர்வரை போனார். இரவெல்லாம் வலை இழுத்த யோகன் அண்ணை வாயைத் திறந்தபடி நித்திரையாகிப்போயிருந்தார். மலர் அக்கா அவரை எழுப்பவில்லை. பக்கத்தில் குந்தி, அவருடைய கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரையை நிமிர்ந்து பார்த்தார். விசாலாட்சி பொட்டை அழித்தாள். மண்டபத்தில் யோகன் அண்ணையின் குறட்டை மட்டும் கேட்டது. நான் படத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் பிடிப்பதற்கு அப்படி ஒரு கால் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

முடிந்து வெளிச்சத்துக்கு வந்ததும் மலர் அக்கா, "ஒழுங்காத்தான் செய்திருக்கிறன்" என்றார். பிறகு கேட்டார்:

"யூடியூப்பில போட்டா எந்த நேரமும் பாப்பினமோ?"

"ஓம் அக்கா."

"அவர் கடலில நிக்கேக்கயும்?"

"ஓம்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உங்கட அம்மாவின்ர கதை. நீங்கள் விரும்பினமாதிரிச் செய்யுங்கோ" என்றார். சொல்லும்போது கை நெற்றிக்குப் போய்வந்தது.

ஆகவே நண்பர்களே, இணைப்பு இல்லை, இனியும் இருக்காது. மூன்று வருட விடுமுறைகள் அதில் இருக்கின்றன, நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது. கொழும்புக்கு வரும் பஸ்ஸில் கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் கோபப்பட்டேன், பிறகு நித்திரையாகிவிட்டேன். படம் நாங்கள் கொண்டுபோகிற இடங்களில் மட்டும் ஓடும்.

உங்கள் படத்தோடு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில சொற்கள். மாசிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முன் மழை. மண்டபத்துக்கு யாரும் வாடகை கேட்கவில்லை, ஆனால் ஒரு கிழமைக்கு முன்னமே நேரில் போய்க் கேட்க வேண்டும், போனில் கேட்டால் வேலைக்காகாது. ஞாயிற்றுக்கிழமை மூதூருக்குத் தெற்கே பஸ்ஸை நம்பாதீர்கள். மின்சாரம் போகும், பற்றரி கொண்டுவாருங்கள். கடற்கரை ஊரென்றால் காட்சியைக் காலையில் வையுங்கள். நடித்தவர்கள் ஏதாவது கேட்டால் படம் முடிந்த பிறகும் அது செல்லும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு விஷயத்தைச் சொன்னபோது கோபத்தில் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே எடுத்து, "அப்ப எப்பிடித்தான் நான் பாக்கிறது?" என்று கேட்டாள். ரிஸ்வான் ஒரு காலையில் தன் மடிக்கணினியோடு மலர் அக்கா வீட்டுக்குப் போனார். வீடியோ அழைப்பில் தங்கச்சிக்குக் காட்டுவதாக ஏற்பாடு, அவளுக்கு அங்கே நடுச்சாமம். யோகன் அண்ணை அப்போதுதான் கடலால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். ரிஸ்வான் போனை அவரிடம் நீட்டியிருக்கிறார்.

"பிள்ளை, நான் வந்திட்டன்," என்றாராம் அவர். "கரையிலதான் நிக்கிறன். பயப்பிடாமப் பாருங்கோ."

மறுபக்கம் சத்தம் இல்லை. அழைப்பு அறுந்துவிட்டது என்று ரிஸ்வான் போனைத் தட்டிப் பார்த்திருக்கிறார். அறுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கச்சி, படத்தைப் பிறகு போடுங்கோ, முதல்ல, வந்திட்டனெண்டு சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ என்று கேட்டாள். யோகன் அண்ணை இன்னொருமுறை சொன்னார்.